வரைபடத்தில் அத்தா ஊரு

அன்புள்ள ரிஸ்வானா,

இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடு. பாதியில் கூப்பிட்டால் மீதியைச் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுவேன். இத்தனை வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் உன் குரலைக் கேட்டதும், பெங்களூரில் மழையா, சாப்பிட்டியா என்று விசாரித்துவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன் நிக்காஹுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பாலக்கரையில் நம் தெரு முழுக்கப் பத்திரிகை வைத்தாகிவிட்டது. அந்த நாளுக்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. இரண்டும் உன் அண்ணன் அனீஸைப் பற்றியவை. இரண்டிலும் தப்பு செய்தவன் நான்.

பழையதை முதலில் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் சவுதியிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தேன். நீ அப்போதுதான் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்திருந்தாய். தினமும் அழுகிறாள் என்று அம்மா சொல்வாள். அனீஸுக்கு இருபத்தொரு வயது. இன்ஜினியரிங் முடித்தும் நான்கு பேப்பர் பாக்கி. நான் எப்போது அவன் அறையை எட்டிப் பார்த்தாலும் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தான். திரையில் பெரும்பாலும் சண்டைகூட இல்லை, ஒரு வரைபடம் இருக்கும். மலை, ஆறு, காடு, கோட்டை, ஓரத்தில் கடல். நான் சாலை போடும் கம்பெனியில் சர்வே வேலை பார்த்தவன். பாலைவனத்தில் கால் வைத்து நடந்து, அளந்து, கோடு போட்டு உங்களை வளர்த்தவன். என் மகன் இல்லாத ஒரு நாட்டின் வரைபடத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"இது எந்த ஊருடா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஊரு இல்லத்தா, உலகம். எல்லா நாட்டுலேர்ந்தும் ஆளுங்க வந்து விளையாடுவாங்க. நாம நடந்து போன இடம் மட்டும்தான் மேப்ல தெரியும். போகாத இடமெல்லாம் புகையா இருக்கும்."

"நெசத்துல இருக்கா இந்த இடமெல்லாம்?"

"இல்ல."

"இல்லாத ஊருக்கு எதுக்கு மேப்பு? பாஸ் பண்ற வழியப் பாரு."

அவன் சிரித்தான். "அத்தா, இதுல உங்களுக்கு ஒண்ணு காட்டணும். ஒரு நிமிஷம்தான்" என்றான். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஒரு மதிய வேளையில், கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். நம் வீட்டுக்கு வரும் இன்டர்நெட் கம்பியை அறுத்தேன். கீழே வந்து கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். சாயங்காலம் அனீஸ் வந்து நின்றான்.

"அத்தா, நெட்டு வரல."

"கம்பியக் குரங்கு கடிச்சிருக்கும். ஆள் வந்து பாக்க ரெண்டு நாளாகும்."

"தங்கச்சி நெட்டுல காத்துக்கிட்டு இருப்பா. ஸ்ரீரங்கத்துல சீனு வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

"போயிட்டு வா" என்றேன். ரிஸ்வானா, நான்தான் அப்படிச் சொன்னேன். அவன் பைக்கை எடுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பேப்பர் படித்தேன். பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்லும்போது, காவிரிப் பாலத்தின் மேல் ஒரு சரக்கு வேன் அவனை இடித்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கூட்டாளி சீனுவும் சீனுவின் அப்பாவும் எனக்கு முன்பே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார்கள். அந்தப் பெரியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

குரங்கு கதையை நான் மாற்றவே இல்லை. லீவை நீட்டி, நாற்பதாம் நாள் முடிந்ததும் சவுதிக்குத் திரும்பிப் போனேன். எல்லோரும் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அந்த மாடிக்குக் கீழே படுத்துத் தூங்க என்னால் முடியவில்லை. நீ ஒரு வீட்டுக்குப் போகப்போகிறவள், அதனால் சொல்கிறேன். கோபம் வந்தால் கத்து. பாத்திரத்தைப் போட்டு உடை. ஆனால் சத்தம் இல்லாமல் எதையும் அறுத்துவிட்டு வந்து சாப்பிட உட்காராதே. அன்று நான் அவனை நேருக்கு நேர் திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான், கதவைச் சாத்திக்கொண்டு அறையிலேயே கிடந்திருப்பான். இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

இரண்டாவது விஷயம் போன வருஷம் தொடங்கியது. வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு வருஷம் போல ஆகியிருந்தது. அவன் அறையை அம்மா தினமும் பெருக்குவாள், ஆனால் எதையும் நகர்த்த மாட்டாள். ஒரு நாள் அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்த நான் என்ன நினைத்தேனோ, கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். கம்பியைத்தான் அப்போதே ஆள் வைத்துச் சரிசெய்திருந்தோமே, நெட் இருந்தது. அந்த விளையாட்டின் படத்தை அழுத்தியதும், இத்தனை வருஷத்தில் மாறியதையெல்லாம் இறக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டது. மறுநாள் மதியம் திறந்தது. யார் என்று கேட்கவில்லை. என்னை அனீஸ் என்றே நினைத்துக்கொண்டது.

பச்சை அங்கி போட்ட ஒரு வில்வீரன், ஒரு ஊரின் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் எங்கே விட்டுவிட்டுப் போனானோ அதே இடம். எந்தப் பொத்தானை அழுத்தினால் நடப்பான் என்று கண்டுபிடிக்கவே எனக்கு வெகு நேரம் பிடித்தது. ஏதோ ஒன்றை அழுத்தினேன், ஆடினான். இன்னொன்றை அழுத்தினேன், குனிந்து சலாம் வைத்தான். அந்த வழியாகக் குதிரையில் போன ஒருவன் நின்று ஆங்கிலத்தில் எழுதினான்: நண்பா, எங்கே போயிருந்தாய் இத்தனை நாள்? நீ வருவாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்! எந்த நாட்டுக்காரனோ. அவன் போகட்டும் என்று வரைபடத்தைத் திறந்தேன்.

அதுதான் என்னை அங்கே பிடித்து வைத்தது, ரிஸ்வானா. நடந்த இடம் மட்டும்தான் தெரியும் என்று அவன் சொன்னானே, அந்த உலகத்தில் முக்கால்வாசி தெரிந்தது. நான் வருஷத்துக்கு வருஷம் லீவு கிடைக்காமல் கிடந்த காலமெல்லாம் என் மகன் நடந்த நடை அது. ஆற்றங்கரை ஓரமாகவே போயிருக்கிறான். மலையை ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்கியிருக்கிறான். வடகிழக்கு மூலையில் மட்டும் புகை. சில இடங்களில் குறி வைத்துப் பெயர் எழுதியிருந்தான், ஆங்கில எழுத்தில் தமிழ். பாறை மேல் ஒரு கோட்டை, அதற்கு 'மலைக்கோட்டை'. சந்தைக்குப் 'பாலக்கரை'. தெற்கே, எல்லாவற்றையும் தாண்டி, வரைபடம் முடிகிற இடத்தில் ஒரு மணல்வெளி. அதன் நடுவில் ஒரு குறி. 'அத்தா ஊரு' என்று எழுதியிருந்தது.

அவன் காட்ட நினைத்த ஒன்று அதுவாகத்தான் இருக்க வேண்டும். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வந்தேனே, அந்தக் கையை வைத்துக்கொண்டு அன்று முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் தினமும் மதியம் கொஞ்ச நேரம் அவனை நடத்திக்கொண்டு போனேன். அத்தா ஊருக்குப் போய்ச் சேர எனக்கு ஒன்பது நாள் ஆனது. வழியில் ஓநாய்கள் கடித்து எத்தனையோ முறை செத்தான். ஒவ்வொரு முறையும் அவன் விழும்போது கண்ணை மூடிக்கொள்வேன். திறந்தால் எழுந்து நிற்பான். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு முறை வேண்டுமென்றே ஓநாய் பக்கம் கூட்டிப்போனேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அங்கே போனால் ஒரு கிணறு, ஒரு கூடாரம், ஒரு பேரீச்ச மரம். நான் வேலை பார்த்த இடம் எதுவும் அப்படி இருந்ததில்லை. அவன் அறிந்த சவுதி அவ்வளவுதான்.

என் தலையில் உறைக்காத ஒன்று இருந்தது. நான் உள்ளே போனால் அவன் பெயர் அவனுடைய கூட்டாளிகளின் திரையில் பச்சையாக எரியும் என்று எனக்குத் தெரியாது. பத்தாவது நாள், கிணற்றடியில் நின்றிருந்தபோது, மணலில் ஒரு சின்ன உருவம் ஓடி வந்தது. தலைக்கு மேல் 'மின்மினி' என்று பெயர். பத்தடி தள்ளி நின்றது. அசையவில்லை. பிறகு 'யாரு?' என்று எழுதியது. மின்மினி யார் என்று எனக்குத் தெரியும். நீ ஸ்கூலில் படிக்கும்போதே அந்தப் பெயரை வைத்ததற்காக அனீஸ் உன்னைக் கேலி செய்வான் என்று அம்மா போனில் சொல்லியிருக்கிறாள். நான் பயந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீ அம்மாவைக் கூப்பிட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அம்மா, அனீஸ் உனக்குக் கனவுல வர்றானா?" என்று கேட்டாய். "ஏம்மா, என்னாச்சு?" என்றாள் அவள். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றாய். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நான்தான்மா அது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஒரு வாரம் அந்த அறைப் பக்கமே போகாமல் இருந்தேன். எட்டாம் நாள் போனேன். கொஞ்ச நேரத்தில் நீ வந்தாய். உனக்கு ஆபீஸில் சாப்பாட்டு நேரம். இந்த முறை யாரென்று நீ கேட்கவில்லை. 'பேச வேணாம். நில்லு, போதும்' என்று எழுதினாய்.

நின்றேன். மாதக்கணக்கில் நின்றேன். நீ வந்து பக்கத்தில் உட்காருவாய், எழுதுவாய், போய்விடுவாய். உன் மேனேஜரைப் பற்றி எழுதினாய். உன் அறையில் எறும்பு வந்ததை எழுதினாய். 'சின்னதுல நாம இங்க வந்து அத்தாவத் தேடுவோமே, ஞாபகம் இருக்கா? கூடாரத்துக்குள்ள தேடுவோம், கிணத்துல எட்டிப் பாப்போம்' என்று எழுதினாய். உன் அத்தா உனக்கு இரண்டடி தள்ளி நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தேன். நேரில் நீ என்னிடம் பத்து வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. நீ பேசுவதைக் கேட்கும் ஆசையில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேறு சாக்கு எதுவும் என்னிடம் இல்லை. உனக்கு வேண்டியவர்கள் வாய் திறக்காமல் இருந்தால் நல்ல மனசு என்று உடனே நம்பிவிடாதே. சிலர் என்னைப் போல எதையோ திருடிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு அரியமங்கலம் சம்பந்தம் வந்தது. அதற்கு முன் மூன்று பேரை நீ வேண்டாம் என்றாய், காரணம் சொல்லவில்லை. இந்தப் பையன் லேத் பட்டறை வைத்திருக்கிறான், மெதுவாகப் பேசுகிறான், உன்னோடு இரண்டு முறை போனில் பேசினான். நீ பதில் சொல்லாமல் இழுத்தாய். ஒரு மதியம் அத்தா ஊருக்கு வந்து எழுதினாய். ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம்.

'அவரு நல்லவருதான். ஆனா எனக்கு அதுக்கெல்லாம் தகுதி இல்லடா. அன்னைக்கு நான்தானே உன்ன வரச் சொன்னேன். வரலன்னா பேச மாட்டேன்னு மெசேஜ் போட்டேனே. இங்கயே நின்னு உன்ன ராத்திரி வரைக்கும் தேடினேன். உன்னக் கொன்னது நான். இத யார்கிட்டயும் சொன்னதில்ல.'

கொஞ்ச நேரம் கழித்து, 'ஒரே ஒரு தடவ பதில் சொல்லு. நான் கட்டிக்கவா?' என்று எழுதினாய்.

எனக்கு ஒற்றை விரலில்தான் டைப் அடிக்கத் தெரியும். எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன். 'உன் மேல தப்பு இல்ல. கட்டிக்க. நல்லா இரு.' நீ அசையாமல் நின்றாய். அப்புறம் உன் பெயர் அணைந்தது. அன்று சாயங்காலம் நீயே எனக்குப் போன் செய்து, "அத்தா, எனக்குச் சம்மதம்" என்றாய். அவ்வளவு லேசான குரலில் நீ பேசி நான் கேட்டதே இல்லை. தெருவுக்கே அல்வா வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பின் அந்தக் கம்ப்யூட்டரை நான் தொடவில்லை. நீ எத்தனை மதியம் அங்கே வந்து காத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன். நிக்காஹ் அன்று என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "நீங்கதான் வலி, பொண்ணுக்குப் பொறுப்பாளி. ரெண்டு சாட்சியோட பொண்ணு இருக்குற ரூமுக்குப் போயி நீங்களே சம்மதம் கேக்கணும். அது வாயால வரணும், யாரோட வற்புறுத்தலும் இருக்கக் கூடாது" என்றார். எல்லாக் கல்யாணத்திலும் கேட்பதுதான், எனக்குத் தெரியாததா? ஆனால் அன்று பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். செத்துப்போனவன் வாயை வைத்து உன் சம்மதத்தை ஒரு முறை வாங்கிவிட்டேன். என் வாயால் இன்னொரு முறை எப்படிக் கேட்பேன்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பியிலிருந்து தொடங்கினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கம்பி விஷயம் எனக்குத் தெரியுங்க" என்றாள்.

"எப்படி?"

"மறுநா மாடியில துணி எடுக்கப் போனேன். கடிச்ச கம்பி எது, வெட்டுன கம்பி எதுன்னு தெரியாதா எனக்கு?"

"ஆறு வருஷமா ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க உசுரோட இருந்திருக்க மாட்டீங்க. ஒரு மய்யித்துப் போதும்னு விட்டுட்டேன்."

ஆனால் உன்னோடு அனீஸாக நின்றதைச் சொன்னபோது தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "எம்புள்ள பேர்ல எம்புள்ளைய ஏமாத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மூன்று நாள் என்னோடு பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் மேஜைக்கு வரும். நான்காம் நாள் அவளே அறை வாசலில் வந்து நின்றாள்.

"அவன எனக்குக் காட்டுங்க."

திறந்து காட்டினேன். கிணற்றடியில் நின்றான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டத்தில் போனாள். வெகு நேரம் பார்த்தாள். நான் ஒரு பொத்தானும் அழுத்தவில்லை. அந்த உருவங்கள் சும்மா நிற்கும்போதும் நெஞ்சு ஏறி இறங்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் பார்த்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

"மூச்சு விடுறான், பாருங்க" என்றாள்.

"அது படம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் வச்சிருப்பாங்க."

"தெரியும். இருந்துட்டுப் போகட்டும்."

சாயங்காலம் அசர் பாங்கு சொல்லும் வரைக்கும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நீ வரவில்லை.

மகளே, உன் மெசேஜால் அவன் சாகவில்லை. வீட்டில் நெட் இருந்திருந்தால் அறையை விட்டே கிளம்பியிருக்க மாட்டான். அதை அறுத்தவன் நான். இதை நீ மனசில் நன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும். உன் மேல் தப்பு இல்லை என்று அன்று அடித்தேனே, அதை நான் அனீஸாகச் சொன்னது பொய், ஆனால் சொன்ன விஷயம் நிஜம். 'கட்டிக்க' என்றது என் ஆசை. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை நல்ல பையன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இருந்தாலும் அரியமங்கலம் போய், என் பெண்ணிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அதைத் தீர்த்துவிட்டுத்தான் நிக்காஹ் வைக்க முடியும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். என்ன பொய் என்று சொல்லவில்லை. அவன் அப்பா முகம் சுளித்தார். அந்தப் பையன், "அவங்க யோசிச்சுச் சொல்லட்டும் மாமா, நான் இருக்கேன்" என்றான். நீ சம்மதம் என்றாலும் இல்லை என்றாலும் ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் நீ பேசவே மாட்டேன் என்றாலும் சரி. அம்மாவிடம் பேசு.

இன்னும் ஒன்று. நேற்று மதியம் அம்மா என்னிடம், "இனிமே நீங்க அதுக்குள்ள போகக் கூடாது. அதுக்கு என்ன வழி?" என்று கேட்டாள். பாஸ்வேர்டை மாற்றினால் போதும், புதிதாக ஒரு சொல்லை அடிக்க வேண்டும், அது தெரிந்தவர்கள் மட்டும்தான் உள்ளே போக முடியும் என்றேன். அந்த இடத்தைத் திறந்து கொடுத்தேன். "நான் வைக்கிறேன். அவ வந்தா அவ காதுல சொல்லிக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். கம்ப்யூட்டரையே தொடாதவள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அவள் அடிக்கும் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. நீளமான சொல்லாக இருக்க வேண்டும். முடிந்துவிட்டதா என்று நானும் கேட்கவில்லை, திரும்பலாம் என்று அவளும் சொல்லவில்லை.

உன் அத்தா